வெளிநாட்டு எலெக்டிவ்: சென்னை மருத்துவ மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எம்பிபிஎஸ் பார்ட் ஒன் (ஃபைனல் இயருக்கு முந்தைய தேர்வு) ரிசல்ட் வந்த கையோடு, வெளிநாட்டு மருத்துவமனையில் சில வாரம் பயிற்சி எடுக்கும் எலெக்டிவ் பற்றிய பேச்சு ஹாஸ்டலில் தொடங்கிவிடும். யார் எங்கே போகிறார்கள், எந்த ஃபார்ம், எந்த விசா, எவ்வளவு செலவு. ஜூனியர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அமெரிக்கா, பிரிட்டன் இரண்டுக்கும் போகிறவர்கள்தான் அதிகம் என்பதால் பதில்கள் அந்த இரண்டையும் சுற்றியே இருக்கும். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே இருக்கின்றன.

எலெக்டிவ், அப்சர்வர்ஷிப், கிளினிக்கல் அட்டாச்மென்ட்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பித்துத்தான் பாதிப் பேர் பணத்தை இழக்கிறார்கள். எலெக்டிவ் என்பது இன்னும் பட்டம் வாங்காத மாணவருக்கானது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் எலெக்டிவ் கிடைத்தால், மேற்பார்வையில் ஹிஸ்டரி எடுக்கலாம், பரிசோதிக்கலாம், கேஸ் பிரசென்ட் பண்ணலாம். அப்சர்வர்ஷிப்பில் பார்க்க மட்டும்தான் முடியும். நோயாளியைத் தொடக்கூடாது, கேஸ் ஷீட்டில் எழுதக்கூடாது. பட்டம் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும்.

கிளினிக்கல் அட்டாச்மென்ட் என்பது பிரிட்டிஷ் வழக்கு. பட்டம் முடித்த வெளிநாட்டு டாக்டர், சம்பளம் இல்லாமல் ஒரு டீமோடு சேர்ந்து அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பது. பிரிட்டனைப் பொறுத்தவரை மாணவர் எலெக்டிவோ அட்டாச்மென்ட்டோ, விசிட்டர் விசாவில் போனால் சிகிச்சை எதுவும் தரக்கூடாது என்பது குடியேற்ற விதியிலேயே இருக்கிறது.

எப்போ போறது பெஸ்ட்? ஃபைனல் இயர்லயா, சிஆர்ஆர்ஐ-லயா (ஃபைனல் தேர்வுக்குப் பிறகான கட்டாய இன்டர்ன்ஷிப்)?

அமெரிக்காதான் குறி என்றால் ஃபைனல் இயர். தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தில் பார்ட் ஒன் தேர்வுக்குப் பிறகு ஒரு மாத எலெக்டிவ் இருக்கிறது, 15 நாள் வீதம் இரண்டு பகுதியாக. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் வழக்கமாக நான்கு வார பிளாக்காகத் தருகின்றன. அவர்கள் தேதியும் நம் கல்லூரித் தேதியும் தானாகப் பொருந்தாது. வெளியூர் எலெக்டிவைக் கல்லூரி தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளுமா என்பதை முதலில் டீன் ஆபீஸில் எழுத்தில் வாங்குங்கள். எலெக்டிவில் 75 சதவீத வருகையும் லாக் புக்கும் இல்லாமல் ஃபைனல் தேர்வு எழுத முடியாது. அங்கே நான்கு வாரம் உழைத்துவிட்டு இங்கே அட்டெண்டன்ஸ் குறைந்தால் யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

சிஆர்ஆர்ஐ-யில் போவது வேறு கணக்கு. 12 மாதத்தில் லீவ் 15 நாள்தான். அதைத் தாண்டினால் அத்தனை நாளும் பின்னால் நீளும். கம்ப்ளீஷன் தள்ளிப்போனால் நீட் பிஜி (முதுநிலை நுழைவுத் தேர்வு) தகுதித் தேதியும் இடிக்கலாம், அதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மாசம் முன்னாடி ஆரம்பிக்கணும்?

ஒரு வருடம். இது பயமுறுத்தச் சொல்வதல்ல. ஹெபடைடிஸ் பி ஊசி முழுதாகப் போட்டிராதவருக்கு 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ், அதன் பிறகு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து டைட்டர் (எதிர்ப்புச் சக்தியை அளக்கும் ரத்தப் பரிசோதனை). அதற்கே எட்டு மாதம் ஓடிவிடும். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதும் மாதக்கணக்கில் இழுக்கலாம். ஊசியை இன்றே ஆரம்பியுங்கள், மருத்துவமனை எது என்று பிறகு முடிவு செய்யலாம்.

தடுப்பூசி ஃபார்ம்ல என்னென்னவோ கேக்கிறாங்க. என் சின்ன வயசு கார்டு தொலைஞ்சுபோச்சு. என்ன பண்றது?

கார்டு இருந்தாலும் பலருக்கு அது போதாது. வழக்கமாகக் கேட்பவை: எம்எம்ஆர் இரண்டு டோஸ், சின்னம்மைக்கு இரண்டு டோஸ் அல்லது எதிர்ப்புச் சக்திக்கான சான்று, ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் டைட்டரும், டிடாப் (டெட்டனஸ், டிஃப்தீரியா, கக்குவான் இருமல்) ஒன்று, அந்த சீசனின் ஃப்ளூ ஊசி. ரத்தத்தில் ஐஜிஜி பரிசோதனை செய்து தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை நான்குக்கும் எதிர்ப்பு இருப்பதைக் காட்டினால் கார்டு இல்லாத குறை தீரும்.

இங்கே தமிழ்நாட்டு மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் போட்டது எம்ஆர் ஊசி. அதில் தட்டம்மையும் ரூபெல்லாவும்தான், பொன்னுக்கு வீங்கி கிடையாது. "ஸ்கூல்ல போட்டாங்களே" என்று எம்எம்ஆர் கட்டத்தில் அதை எழுதினால் ஃபார்ம் திரும்பி வரும். தனியாரிடம் எம்எம்ஆர் போட்டிராவிட்டால் 28 நாள் இடைவெளியில் இரண்டு டோஸ் போட்டுவிடுங்கள், அதுதான் குறைந்த தலைவலி.

ஹெபடைடிஸ் பி டைட்டரை லேபில் கேட்கும்போது "குவான்டிடேட்டிவ்" என்று அழுத்திச் சொல்லுங்கள். வெறும் "பாசிட்டிவ்" என்று வரும் ரிப்போர்ட்டை ஏற்க மாட்டார்கள். எண் வேண்டும், அது 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் ஒரு பூஸ்டர் போட்டு, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள்.

டிபி டெஸ்ட் பாசிட்டிவ் வந்துடுச்சு. போச்சா?

போகவில்லை. முதலில், எந்த டெஸ்ட்? தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ என்றால், பிறந்தவுடன் பிசிஜி (டிபி தடுப்பூசி) போட்ட உடம்பில் அது வீங்குவது ஆச்சரியமே இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே இக்ரா ரத்தப் பரிசோதனைக்குப் போவது நல்லது, பிசிஜி அதைக் குழப்பாது. மான்டூதான் வேண்டும் என்று ஃபார்ம் அடம்பிடித்தால், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வியாழன் வெள்ளியில் போட்டுக்கொண்டு ஞாயிறன்று பூட்டிய லேப் வாசலில் நிற்பவர்கள் உண்டு. ரிப்போர்ட்டில் மில்லிமீட்டர் இருக்க வேண்டும், "நெகட்டிவ்" என்ற சொல் மட்டும் போதாது.

இக்ராவும் பாசிட்டிவ் என்றால் செஸ்ட் எக்ஸ்ரே எடுத்து, அறிகுறி எதுவும் இல்லை என்று செஸ்ட் டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். நம் வார்டுகளில் மூன்று வருடம் சுற்றியவருக்கு லேட்டன்ட் டிபி (அறிகுறி இல்லாமல் உடம்பில் உறங்கும் டிபி) இருப்பது அரிதல்ல என்பது அங்குள்ள மருத்துவமனைகளுக்கும் தெரியும். சிகிச்சை எடுப்பதா வேண்டாமா என்பதை அந்த டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள், ஃபார்முக்காக அல்ல. இன்னொன்று: எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகள் டிபி டெஸ்ட்டைச் சில வாரம் மங்க வைக்கும். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், இல்லையென்றால் ஊசிக்குப் பிறகு நான்கு வாரம் விடுங்கள்.

மார்க் ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேமா இருக்கு. பிரச்சனை வருமா?

வரும். நம்முடைய இனிஷியல் வழக்கம் அவர்கள் கம்ப்யூட்டருக்குப் புரியாது. மார்க் ஷீட்டில் "எஸ். கார்த்திக்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் செல்வம்" என்றால் இரண்டு ஆட்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். போனஃபைட் சான்றிதழிலும் டீன் கடிதத்திலும் பாஸ்போர்ட் பெயரை முழுதாக எழுதி, கல்லூரிப் பதிவில் இன்ன பெயரில் இருப்பவரும் இவரே என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். செக்‌ஷன் கிளார்க் பழைய டெம்ப்ளேட்டிலேயே அடித்துத் தருவார், அதனால் வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருந்தால் இன்னும் சிக்கல். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் ஆகிவிடும், முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யூ" (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். மருத்துவமனை பேட்ஜிலும் அப்படியே வரும். யுஎஸ்எம்எல்இ (அமெரிக்க மருத்துவ லைசென்ஸ் தேர்வு) எழுதும் எண்ணம் இருந்தால், விண்ணப்பம் எதையும் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள்.

எந்த விசா? ஏற்கெனவே பி1/பி2 பத்து வருஷ விசா இருக்கு, அதுலயே போலாமா?

அமெரிக்க எலெக்டிவ் பி1 வகைக்குள் வரும். நிபந்தனைகள் உண்டு: மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையாக இருக்க வேண்டும், சம்பளம் வாங்கக்கூடாது, அந்த எலெக்டிவ் உங்கள் கல்லூரிப் படிப்பின் பகுதியாக இருக்க வேண்டும். ஆகவே டீன் கடிதத்தில் "பாடத்திட்டத்தின் பகுதி" என்ற சொற்கள் இல்லாவிட்டால் கடிதம் இருந்தும் பயனில்லை. கையில் பி1/பி2 இருந்தால் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது "சுற்றிப் பார்க்க" என்று சொல்லிவிட்டுப் பையில் ஸ்டெத்தோடு மாட்டாதீர்கள். அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்து உள்ளதைச் சொல்லுங்கள். புதிதாக எடுப்பவர்கள் கைரேகைக்கு ஒரு நாள், ஜெமினி மேம்பாலம் பக்கத்துத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒரு நாள் என்று இரண்டு லீவ் ஒதுக்க வேண்டும். செல்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பிரிட்டனுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா, ஆறு மாதம் வரை. மாணவர் என்றால் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வ உறுதி வேண்டும். விசாவுக்கான டிபி சான்றிதழ் ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்களுக்குத்தான். மருத்துவமனை தன் பங்குக்குக் கேட்பது வேறு, அதற்கு மேலே சொன்னதே பதில்.

கன்சல்டன்சி ஒண்ணு "ஹேண்ட்ஸ் ஆன்" வாங்கித் தரேன்னு லட்சக்கணக்குல கேக்குது. நம்பலாமா?

மூன்று கேள்வி கேளுங்கள். அழைப்புக் கடிதம் யார் லெட்டர்ஹெட்டில் வரும்: மருத்துவமனையா, கன்சல்டன்சியா? மேற்பார்வை டாக்டர் பெயர் என்ன? மால்பிராக்டிஸ் இன்சூரன்ஸ் (சிகிச்சைத் தவறுக்கான காப்பீடு) யார் பொறுப்பு? பெயர் கிடைத்ததும் பிரிட்டன் என்றால் ஜிஎம்சி (அங்குள்ள மெடிக்கல் கவுன்சில்) பதிவேட்டில், அமெரிக்கா என்றால் அந்த மாநில மெடிக்கல் போர்டு தளத்தில் தேடுங்கள். இரண்டும் இலவசம், இரண்டு நிமிட வேலை.

பட்டம் முடித்தவருக்குத் தனியார் கிளினிக்கில் "ஹேண்ட்ஸ் ஆன்" என்றால் சந்தேகப்படுங்கள். லைசென்ஸ் இல்லாமல் நோயாளியைத் தொட வைப்பது அந்த டாக்டரையும் மாட்ட வைக்கும், உங்கள் விசாவையும் கெடுக்கும். பணம் வாங்குவதே மோசடி என்று சொல்லவில்லை. கல்லூரிகளே கட்டணம் வாங்குகின்றன, விண்ணப்பக் கட்டணம் திரும்பவும் வராது.

சிஆர்ஆர்ஐ-ல இருக்கேன். அவங்க கணக்குல நான் ஸ்டூடண்டா, கிராஜுவேட்டா?

ஃபைனல் தேர்வு பாஸ், ஆனால் பட்டம் கையில் இல்லை. இந்த இடைப்பட்ட நிலை அமெரிக்காவில் இல்லாததால் ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறது. சில இடங்களில் பட்டம் வாங்காத வரை மாணவர்தான். சில இடங்களில் ஃபைனல் முடிந்தாலே கதவு மூடிவிடும். இன்டர்ன் என்ற சொல்தான் குழப்பத்துக்கு முக்கியக் காரணம்: அங்கே இன்டர்ன் என்றால் பட்டம் பெற்று, சம்பளம் வாங்கும் முதலாண்டு ரெசிடென்ட் (பயிற்சி டாக்டர்).

மெயிலில் "ஐ ஆம் அன் இன்டர்ன்" என்று எழுதாதீர்கள். எம்பிபிஎஸ் படிப்பின் கடைசி, கட்டாய ஆண்டில் இருக்கிறேன், இன்ன மாதம் முடிந்த பிறகே பட்டம் வழங்கப்படும் என்று விளக்கி, அதையே டீன் கடிதத்திலும் எழுத வையுங்கள். தகுதி இல்லை என்று பதில் வந்தால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

என்ன டிரெஸ் எடுத்துட்டுப் போகணும்? கோட் கட்டாயமா?

பிரிட்டனில் வெள்ளைக் கோட் வேண்டாம், எடுத்துப் போனாலும் போட விடமாட்டார்கள். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி. முழுக்கை சட்டையை மடித்துவிட வேண்டும். வாட்ச், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். கோயில் கயிறை அறுக்க மனமில்லை என்றால் கிளம்பும் முன் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள், வார்டு வாசலில் வாதாட முடியாது. அமெரிக்காவில் கோட் உண்டு, ஆனால் மாணவருக்குக் குட்டைக் கோட், ரெசிடென்ட் முதல் மேலே நீளக் கோட். இங்கே தைத்த நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் நர்ஸ் உங்களை டாக்டர் என்று நினைத்து சிகிச்சை ஆர்டர் கேட்பார்.

ரவுண்ட்ஸ்ல கேஸ் பிரசென்ட் பண்ணச் சொன்னா, இங்கே மாதிரியே பண்ணலாமா?

அறிவில் குறை இல்லாதவர்கள்கூடத் தடுமாறுவது இங்கேதான். நம் வார்டு கிளாஸில் பெயர், வயது, தொழில், ஊர் என்று தொடங்கி, கம்ப்ளெயின்ட்ஸ், ஹிஸ்டரி, பேலர், இக்டெரஸ், சயனோசிஸ், கிளப்பிங் என்று ஒவ்வொன்றாய் ஒப்பித்து, கடைசியில்தான் டயக்னோசிஸ். தேர்வுக்கு அது சரி. அங்கே எட்டுப் பேர் டீம் நின்றுகொண்டிருக்கும், உங்களுக்குக் கிடைப்பது மூன்று முதல் ஐந்து நிமிடம். இல்லாத அறிகுறிகளை எல்லாம் அடுக்கினால் இரண்டாவது நிமிடத்திலேயே கவனம் போய்விடும்.

முதல் வாக்கியத்திலேயே ஆள் யார், முக்கியப் பழைய நோய் என்ன, எதற்கு வந்தார் என்று முடியுங்கள்: "58 வயது ஆண், சர்க்கரை நோயும் பழைய மாரடைப்பும் உண்டு, இரண்டு நாள் காய்ச்சல், இருமலுடன் சேர்ந்தவர்." பிறகு நேற்று இரவிலிருந்து நோயாளி சொன்னது, அதன் பிறகு வைட்டல்ஸ், பரிசோதனையில் டயக்னோசிஸை மாற்றக்கூடிய கண்டுபிடிப்புகள், புதிய ரிசல்ட்டுகள். கடைசியாக உங்கள் கணிப்பும் திட்டமும். இங்கே மாணவர் திட்டம் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். அங்கே சொல்லாவிட்டால் யோசிக்கவில்லை என்று அர்த்தம். "நிமோனியா என்று நினைக்கிறேன், இதயச் செயலிழப்பையும் விலக்க வேண்டும், ஏனென்றால்..." என்று காரணத்தோடு தவறாகச் சொன்னாலும் மதிப்பு உண்டு. இதற்காகவே ரவுண்ட்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நோயாளியைப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கு பிராண்ட் பெயர் வேண்டாம். டோலோ, பான் ஃபார்ட்டி யாருக்கும் புரியாது. ஜெனரிக் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும்: நம் பாரசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், சல்ப்யூட்டமால் அங்கே ஆல்ப்யூட்ரால், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். நோயாளியை "அந்த சிஓபிடி கேஸ்" என்று கூப்பிடும் பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ரிப்போர்ட்ல நம்பர் எல்லாம் வேற மாதிரி இருக்கே?

அமெரிக்காவில் நம் அலகுகளேதான். பிரிட்டனில் மாறும். குளுகோஸை 18 ஆல் பெருக்கினால் நம் எண் வரும்: அங்கே 10 என்றால் இங்கே 180. கிரியாட்டினினை 88.4 ஆல் வகுக்க வேண்டும்: 100 என்றால் சுமார் 1.1. ஹீமோகுளோபின் 120 என்றால் 12. எச்பிஏ1சி 48 என்றால் 6.5 சதவீதம். பொட்டாசியம், சோடியம் அப்படியே. காய்ச்சல் செல்சியஸில் இருக்கும், 38 என்றால் 100.4. அமெரிக்காவில் தேதி எழுதும்போது மாதம் முதலில் வரும், 4/7 என்றால் ஏப்ரல் 7.

கன்சல்டன்ட்டை சார்னு கூப்பிடலாமா?

பிரிட்டனில் பலர் தங்கள் முதல் பெயரைச் சொல்லியே கூப்பிடச் சொல்வார்கள். நாக்கு எழாவிட்டால் "டாக்டர்" சேர்த்துக் குடும்பப் பெயர் சொல்லுங்கள். ஆனால் அறுவை சிகிச்சை நிபுணருக்கு அங்கே டாக்டர் கிடையாது, மிஸ்டர் அல்லது மிஸ். நர்ஸ் எல்லாரையும் "சிஸ்டர்" என்காதீர்கள், அங்கே அது வார்டுப் பொறுப்பாளர் பதவி. அமெரிக்காவில் "டாக்டர்" போதும்.

தமிழ் பேஷன்ட் வந்தா நான் மொழிபெயர்க்கலாமா? கிழக்கு லண்டன் பக்கம் நிறைய வருவாங்களாமே.

வணக்கம் சொல்லலாம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம், பயத்தைக் குறைக்கலாம். நோய் விவரம், சம்மதம், கெட்ட செய்தி இவற்றுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் போனிலோ வீடியோவிலோ அழைப்பார்கள். டீம் அவசரத்தில் உங்களைக் கேட்டாலும் பணிவாக அதை நினைவுபடுத்துங்கள்.

இதற்கு நல்ல காரணமும் உண்டு. லண்டனில் பார்க்கும் தமிழ் நோயாளிகள் பலர் ஈழத்துக்காரர்கள். அவர்கள் "வருத்தம்" என்றால் நோய், சென்னைக் காதில் அது மனக்கவலை. "சத்தி" என்றால் வாந்தி. உடம்பு நோயைச் சொன்னவரை மன அழுத்தம் என்று டீமிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இங்கே தினம் பத்து வென்ஃப்ளான் (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போடறேன். அங்கே ரெசிடென்ட் "போட்டுப் பாரு"ன்னா?

முதல் பதிலில் சொன்ன பிரிவுதான் இதற்கும் விடை. அப்சர்வர், அட்டாச்மென்ட் அல்லது பிரிட்டன் விசிட்டர் என்றால் வேண்டாம். அமெரிக்க எலெக்டிவ் என்றால் கல்லூரி விதியும் உங்கள் இன்சூரன்ஸும் அனுமதித்தால், மேற்பார்வையில், நோயாளி சரி என்றால் மட்டும். இங்கே எடுத்த இண்டெம்னிட்டி பாலிசி வெளிநாட்டுக்குப் பெரும்பாலும் செல்லாது, பாலிசி எந்த நாடு வரை செல்லும் என்ற விதியைப் படியுங்கள். மறுக்கும்போது "என் பேட்ஜ் அப்சர்வர்" என்ற ஒரு வாக்கியம் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

தப்பித் தவறி ஊசி குத்திடுச்சுன்னா?

குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மேற்பார்வையாளரிடமும் ஆக்குபேஷனல் ஹெல்த்திலும் (மருத்துவமனை ஊழியர் நலப் பிரிவு) சொல்லுங்கள். இரவென்றால் எமர்ஜென்சிக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்றால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம்தான் எல்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். பாதிக்கப்பட்ட ரத்தம் என்றே வைத்தாலும் எச்ஐவி தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு, அந்த டைட்டர் எண்ணைக் கையில் வைத்திருப்பதன் பலன் இப்போது தெரியும். விசா போய்விடுமோ என்று மறைப்பதுதான் உண்மையில் ஆபத்து. டிராவல் இன்சூரன்ஸ் இந்த மருந்துச் செலவை ஏற்குமா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

சிபாரிசு லெட்டர் தரேன்னு சொன்ன டாக்டர் பதிலே போடலை. என்ன பண்ணலாம்?

கடைசி நாளில் கேட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். மூன்றாவது வாரத்திலேயே நேரில் கேட்டு, அன்றே மெயிலில் சிவி, இருந்த தேதிகள், நீங்கள் பிரசென்ட் செய்த நான்கைந்து கேஸ்களின் ஒரு வரிக் குறிப்பு ஆகியவற்றை அனுப்ப வேண்டும். நோயாளி பெயர், ஐடி, போட்டோ எதுவும் அதில் இருக்கக்கூடாது. அமெரிக்க ரெசிடென்சிக்கான (பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி) கடிதத்தை அவரே விண்ணப்பப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும், உங்கள் கைக்கு வராது. அதற்கான ரிக்வெஸ்ட் ஃபார்மை நீங்கள்தான் உருவாக்கி அனுப்ப வேண்டும். பலர் இதைச் செய்யாமலே காத்திருக்கிறார்கள், முதலில் அதைச் சரிபாருங்கள்.

அனுப்பியும் பதில் இல்லை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று வரிக்கு மேல் போகாத மெயில். டாக்டருக்கு மட்டும் அனுப்பாமல் அந்தத் துறையின் கோஆர்டினேட்டருக்கும் சிசி போடுங்கள். பேட்ஜ் கொடுத்தது, பார்க்கிங் பாஸ் கொடுத்தது, உங்கள் ஊசி ஃபார்மைத் திருப்பி அனுப்பியது எல்லாம் அவர்தான். கடிதத்துக்காக டாக்டர் அறைக் கதவைத் தட்டக்கூடியவரும் அவர்தான்.